வீணாக அடித்த மணி

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் வழியிலுள்ள ரயில் கடவையின் மணியைப் போன வாரம்தான் திருத்தினார்கள். ரயிலே வராமல் அடித்து அடித்து எங்களைக் கெடுத்துவைத்த மணி அது. நானும் அதை மதிக்காமல் ஆட்டோவை ஓட்டிப்போனவன்தான்.

இன்று காலை மணி அடித்ததும் நிறுத்தினேன். பின்னாலிருந்த பள்ளிக்கூட வேன்காரர் ஹோர்னை அமுக்கிக் கத்தினார்.

"அது சும்மா அடிக்குதுங்க, போங்க!"

எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் நகரவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து பதுளை ரயில் வந்தது. வேனிலிருந்த பிள்ளைகள் கையசைத்தார்கள். வேன்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

மாலையில் மறுபடியும் மணி. எனக்கு முன்னால் அதே வேன் நின்றிருந்தது. வேண்டுமென்றே ஹோர்ன் அடித்தேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"மணி அடிக்குது, காது கேக்கலையா ஒனக்கு?"

இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.