எனக்குச் சுகர் இல்லை

அன்பு மகன் மணிகண்டபிரபுவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் ஜெயப்பிரியாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று பொய்யாக எழுத மாட்டேன், நீ சொன்ன பொய்யே போதும். போனில் பேச ஆரம்பித்தால், "யம்மா, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்தில் உன் மச்சினிக்கு வளைகாப்பு. எல்லோருக்கும் கடலை மிட்டாய்த் தட்டை நீட்டினார்கள், என்னிடம் வந்ததும் உன் மாமியார் பாலம்மாள் மதினி, "அவியளுக்குச் சுகரு, குடுக்காதிய" என்று தட்டையே இழுத்துக்கொண்டார்கள். நான் வாராவாரம் மனநல டாக்டரிடம் போவதை மறைக்க, சுகருக்குப் போகிறேன் என்று நீ அளந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆரத்திக்குக் கற்பூரம் ஏற்ற, என் காதுக்குப் பக்கத்தில் யாரோ தீக்குச்சியை உரசினார்கள். அவ்வளவுதான், தீப்பெட்டி ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைத்த சொர்ணத்தாய் எரிந்தது அப்படியே கண்முன் வந்துவிட்டது. மூச்சு முட்டி, வாசலுக்கு ஓடி விழுந்தேன். அந்த மாதிரி நேரத்தில் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கன தீ இல்ல, நீங்க வெளிய இருக்கிய" என்று மெதுவாகச் சொன்னால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "சுகரு இறங்கிட்டு" என்று ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்து வாயில் சீனியை அள்ளிப் போட்டார்கள். புரையேறியே போய்ச் சேர்ந்திருப்பேன். அவர்களை என்ன சொல்ல, நீ சொன்ன நோய்க்கு வைத்தியம் பார்த்தார்கள்.

வெளியே தெரிந்தால் அசிங்கம் என்கிறாயே, எதுடா அசிங்கம்? தீயில் சொர்ணத்தாயை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேனே என்று எட்டு மாதமாக எனக்குள் வைத்திருந்ததை அந்த டாக்டரம்மாவிடம்தான் முதலில் சொல்லி அழுதேன். பெற்ற பிள்ளை நீ ஒரு நாள் கேட்டாயா? மாத்திரையும் அவரிடம் பேசுவதுமாக இப்போதுதான் நாலு மணி நேரம் தூங்குகிறேன். அதை உன் கௌரவத்துக்காக விட மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மாமியாருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல். என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நீயே உன் வாயால் சொல்லிக்கொடு. இல்லையென்றால் சனிக்கிழமை நானே போய், அந்தக் கடலை மிட்டாயைக் கேட்டு வாங்கித் தின்றுகொண்டே சொல்வேன்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சாமியிடம் கேட்கிறேன். போன் போட மறக்காதே.

இப்படிக்கு,
சுகர் இல்லாத உன் அம்மா,
பத்திரகாளி
கோவில்பட்டி