பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

உன் நினைவு நாளுக்கென்று இன்று காலை திருநின்றவூரில் இறங்கினேன். உன் புகுந்த வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் முதலாம் ஆண்டு அஞ்சலி ஃப்ளெக்ஸில் நீ. பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். கீழே வருந்துவோர் வரிசையில் உன் கணவர் பி.இ., கொழுந்தனார் பி.டெக். உன் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒன்றுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவளுக்கு எதற்குப் பட்டம் என்பார்கள். உன் அஞ்சலியில் கொழுந்தனாருக்கு மட்டும் எதற்காம்?

சும்மாவா வாங்கினாய் அதை? அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நம் சர்வே முகாம். கருவியில் கண் வைத்துப் பார்ப்பது பையன்கள், அவர்கள் சொல்லும் அளவை எழுதிக்கொள்வது பெண்கள். நம் சிவில் டிபார்ட்மெண்டில் அதுதான் வழக்கம். பெண்களுக்குக் கையெழுத்து அழகாம், சார் சொன்னார். நீ நோட்டை நம் குழுப் பையனின் கையில் திணித்தாய்.

"எங்க கையெழுத்து நல்லாத்தான் கீது. உன்னுதுதான் கோழி கிளறுன மாரி கீது. எழுதிப் பழகு மச்சான்."

அந்தப் பழைய கருவியில் அளவுகோல் தலைகீழாகத் தெரியும். அது புரியாமல் முதல் நாள் முழுக்கத் தப்பாகவே வாசித்தாய். நம் கணக்குப்படி ஏரி கரைக்கு மேலே இருந்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அவர்கள் வருவதற்குள் நீ போய்க் கருவியைப் பிடித்துக்கொண்டாய்.

அரியர் விழுந்தது, அழுதாய், மறுபடி எழுதித் தேறினாய். பாரிவாக்கத்தில் சைட் இன்ஜினியர் வேலைக்கும் போனாய். கல்யாணம் நிச்சயமானதும், கட்டிடத்தில் ஆண்களோடு பெண் நிற்பதாவது என்று நிறுத்திவிட்டார்கள். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழவேயில்லை.

உள்ளே போய் உன் கணவரிடம் கேட்டேவிட்டேன். கெட்டவர் இல்லை, காபி கொடுத்து உட்கார வைத்தார்.

"வேலையத்தான் எப்பவோ உட்டுட்டாளே, அதான் டிகிரி போடல" என்றார்.

"வேலையத்தானே உட்டா. படிச்சதையுமா உட்டா?"

நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதை ஆவடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெயர், பக்கத்தில் பி.இ. சிவில், கீழே 'கூடப் படித்தவள்' என்று என் பெயர், எனக்கும் பி.இ. சிவில். கடைக்காரருக்கு என் போனிலிருந்து உன் சைட் படத்தை அனுப்பினேன். கம்பிக் கட்டுக்கு நடுவே, ஹெல்மெட்டுக்குக் கீழே வியர்த்து வழிந்து முறைக்கிறாய். உன் படங்களில் என்னிடம் மிச்சமிருப்பது அதுதான்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி ரொம்பக் கறுத்துகினு கீது மேடம், கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டா?" என்றார்.

"வேணாங்க. வெயில்ல நின்னு வேலை பாத்தவ" என்றேன். "அப்படியே போடுங்க."