பாண்டி விலைக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

அக்கா,

மரக்காணத்தில் நாம் ஃப்ரிட்ஜ் வாங்கிய கடையில் இன்று முதல் ஒரு போர்டு தொங்குகிறது: ‘பாண்டி விளம்பர விலை இங்கேயே.’ கடைக்காரரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். “எல்லாம் உங்க அக்கா ஆரம்பிச்சு வெச்சது சார். ஊர்ல இருக்குற பொம்பளைங்க எல்லாம் பேப்பர் கட்டிங்கோட வந்து நிக்கிறாங்க. தினம் சண்ட போடறதுக்கு இது மேல்” என்றார். நீ போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆனது அவருக்குத் தெரியவில்லை.

2005 தீபாவளி வரைக்கும் உன் இன்சுலின் சோடாக் கடை ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, கலர் பாட்டில்களுக்கு நடுவே. கடை திறந்தால்தான் ஊசி. ஊசி போட்டால்தான் சாப்பாடு, அதுவும் ஆறிப்போய். சோடாக் கடைக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கடையைப் பூட்டியபோது, நீ வேலை பார்த்த உப்புப் பாக்கெட் ஒட்டும் கொட்டகையில் மயங்கி விழுந்தாய்.

சொந்தமாக ஃப்ரிட்ஜ் வாங்கக் கையில் இருந்த பணம், ஒரு பாண்டிக் கடை பேப்பரில் விளம்பரம் செய்திருந்த விலைக்குத்தான் போதும். அங்கேயே போய் வாங்கிவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. “உப்புக் காத்துல பின்னாடித் தகடு அரிச்சிடும்டா. ரிப்பேருன்னா பாண்டிலேந்து எவன் வருவான்? இங்க இருக்கிறவன்கிட்டதான் வாங்கணும், அங்க இருக்கிற வெலைக்கு.”

விளம்பரத்தைக் கத்தரித்தது நான். இருபது வருஷமாகச் செய்தி எழுதுகிறவன். ஓரங்களை நேராக வெட்டினேன். பக்கத்தின் தலையில் இருந்த தேதி குப்பைக்குப் போனது.

கடைக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தேதி எங்க சார்? போன பொங்கலுக்குப் போட்டதா இருந்தா நான் என்ன பண்றது?”

“பேப்பர்காரன் தேதிய வெட்டிட்டு வந்திருக்கான் பாருங்க” என்று அவரிடமே சொல்லிச் சிரித்தாய். பிறகு அவர் மேசையில் இருந்த போனை இழுத்துப் பாண்டிக் கடைக்குப் பேசினாய். எந்த மாடல், எத்தனை லிட்டர், என்ன விலை, எந்த நாள் வரைக்கும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், சரியான வரிசையில். ரிசீவரை அவர் காதுக்குக் கொடுத்தாய்.

கேட்டுவிட்டு வைத்தார். “அங்க ஒரே ஒரு பீஸ்தான் இருக்குதாம்க்கா.”

“எனக்கும் ஒண்ணுதாம்பா வேணும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, எடுத்துக்குங்க. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க.” ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்கச் சொல்லியிருந்தாய்.

ஃப்ரிட்ஜ் வந்த மறுநாள் காலை ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு உட்கார்ந்து இட்லி தின்றாய். “சூடா இருக்குதுடா” என்றாய்.

உன் மருந்தில் நான்கு குப்பி இன்னும் உடைக்காமல் இருக்கிறது. வேறு யாருக்காவது ஆகுமா என்று அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவைக் கேட்டேன். “நடுவுல ரொம்ப நேரம் கரண்ட் போச்சாங்க?” என்றார். கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். காட்டினேன். கடைசிப் பக்கம் வரை பார்த்தார். “டாக்டரதான் கேக்கணும். லீவுல இருக்காரு. திங்கக்கெழம வர்றாரு.”

எனக்கு எதுவும் தோன்றவில்லை அக்கா. அழுகையும் வரவில்லை. காலை ஆறரை ஆனால் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, குப்பிகளைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்துதான் இருக்கின்றன. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. திங்கட்கிழமை வரை இவற்றைக் குளிர் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.