ரவூப்பைத் திருப்பி அனுப்பின விஷயம்

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1913 அக்டோபர் 7, செவ்வாய்

கோலகுபுவில் இருக்கும் என் மகன் நூருல் அமீனுக்கு உம்மா சொல்லும் சலாம். அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் உன் தங்கச்சி ஆயிஷாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அப்படியே இருக்க அஞ்சு வேளையும் துஆ கேட்கிறேன். உடம்பு சங்கதி இவ்வளவுதான். மனசைக் கேட்டா, கொதிக்குது.

உன் வாப்பா மவுத்தாகி இந்த நாலு வருஷமா நம்மளைத் தாங்கினது யாரு? என் கூடப் பிறந்த காக்கா, உன் மாமா அப்துல் ஹமீது. ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாரா? அந்த மனுஷன் வாயைத் திறந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. உன் கம்பெனியில லாரிக்கு ரெண்டு டிரைவர், மலை தாண்டி லிப்பீஸ் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும், ஒருத்தன் ஓட்டினா ஒருத்தன் மூட்டை மேல படுத்துத் தூங்கணும், கூட்டாளியை நீங்களே பார்த்துக்குங்கன்னு துரை சொல்லிட்டார்னு நீதானே எழுதினே. அப்படின்னா என் மகன் ரவூப்பைச் சேர்த்துக்கச் சொல்லு தங்கச்சின்னு கேட்டார். எனக்கும் பெருமை. ரபியா நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு, அவ கூடப் பிறந்தவனே உன் பக்கத்துல உட்கார்ந்தா வேலைக்கு வேலை, மச்சானுக்கு மச்சான். சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

உன்கிட்ட வந்து சேர்ந்த பன்னிரண்டாம் நாளே நீ திருப்பி அனுப்பி, அவன் பெட்டியும் கையுமா இங்க வாசல்ல வந்து நிக்கிறான்! அன்னிக்கே அவன் உம்மா நஃபீசா வந்து தெருவே கேட்கக் கத்தினா. என் மகன் பக்கத்துல உட்கார ஆகாதவனுக்கு என் மகள் மட்டும் எதுக்குன்னு கேட்டா. காக்கா கத்தலை. ரவூப்பைத் திரும்பச் சேர்த்துக்கிட்டா ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு நிக்காஹ், இல்லேன்னா பேச்சு முறிஞ்சதுன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அவர் கத்தியிருந்தாக்கூடத் தேவலை.

உன் கடுதாசியை ஆயிஷாவை விட்டு மூணு தரம் படிக்கச் சொன்னேன். ரவூப் ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வரலைன்னு ஒரு வரி. ஏன்டா, இதெல்லாம் ஒரு காரணமா? தொட்டில் கட்டணுமா உனக்கு? சொந்த ரத்தத்தைத் துரத்திட்டு யாரோ கோவிந்தசாமியைச் சேர்த்திருக்கே. எந்த ஊரு, யார் பெத்த பிள்ளை, ஒண்ணும் எழுதலை. அதிகம் பேசமாட்டான், வளைவு வந்தா மெதுவாப் போவான்னு எழுதியிருக்கே. மாடுகூடத்தான் பேசாது, வளைவுல மெதுவாப் போகும்! ரவூப் மாதிரி கலகலன்னு பேசுற பிள்ளை உனக்குக் கசக்குதாக்கும். நன்றி கெட்டவனே, மாமாவுக்கு நான் எந்த முகத்தோட பதில் சொல்லுவேன்? இந்தக் கடுதாசி கண்டதும் துரைகிட்டச் சொல்லி ரவூப்பைக் கூப்பிட்டுக்கோ.

13ந் தேதி, திங்கள்

மேலே உள்ளதை ஆயிஷா கையால எழுதி வச்சிட்டுத் தபாலுக்கு அனுப்ப ஆள் கிடைக்கல. அதுக்குள்ள நேத்து ஒரு காரியம் நடந்துபோச்சு. ரவூப் இப்ப ஒரு சீன முதலாளி, தவுக்கேயோட தேங்காய் லாரி ஓட்டுறான். சாங்கியில நஃபீசா சொந்தக்காரங்க வீட்டுக் கந்தூரிக்கு எல்லாரையும் அதுலயே கூட்டிட்டுப் போறேன்னான். நானும் போனேன். எதுக்குப் போனேன்? பிள்ளை எப்படி அருமையா ஓட்டுறான்னு கண்ணால பார்த்து உனக்கு இன்னும் ரெண்டு வரி சூடா எழுதலாம்னுதான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே பாயைப் போட்டு உட்கார்ந்தேன்.

யா அல்லாஹ்! பேசுறான் பேசுறான், ஒவ்வொரு பேச்சுக்கும் திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பேசுறான். ரோட்டைப் பாருடா கண்ணுன்னேன். அவ்வளவுதான், உம்முன்னு ஆகி இன்னும் வேகமா விட்டான். கேலாங் தாண்டி எதிர்ல ஒரு மாட்டுவண்டி, அவன் ஒதுங்கட்டும்னு இவன் நேரா விடுறான். கடைசியில நம்ம லாரிதான் சாக்கடையில ஒரு சக்கரம் இறங்கி நின்னுச்சு. இறங்கிப் போய் அந்த வயசான வண்டிக்காரனைத் திட்டுறான், வெட்கமா இருந்துச்சு. அது போகட்டும். கந்தூரியில நெய்ச்சோறு தின்னுட்டுத் திரும்பும்போது அவன் தலை ஆடுது. என் கண்ணால பார்த்தேன். ரவூப்புன்னு கத்தினா, நான் தூங்கலை மாமி, கண்ணை மூடி யோசிச்சேன்னு சொல்றான்! ஓட்டுறவனுக்குக் கண்ணை மூடிக்கிட்டு என்னடா யோசனை? ரிக்ஷாவுல உட்கார்ந்த உடனே சாய்ஞ்சுடுறவ நான், நேத்து சாங்கியிலேருந்து வீடு வரைக்கும் இமை மூடலை. கலிமாவைச் சொல்லிக்கிட்டே வந்தேன்.

இன்னிக்குக் காலையில சோத்துச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்குல ரபியா வந்தா. நேத்து என் பக்கத்துல இருந்தவதான். சட்டியை வச்சிட்டுப் போகாம நின்னா. உன் பேரைச் சொல்லக் கூச்சம், உங்க மகன்னுதான் சொன்னா. மாமி, வாப்பா என்ன சொன்னாலும் ரவூப் காக்காவை அங்க அனுப்பிடாதீங்க, காக்கா ஓட்டுற வண்டியில உங்க மகன் தூங்கினா, நான் இங்க ஆயுசுக்கும் முழிச்சுக் கிடக்கணும், நிக்காஹ் நின்னா நிக்கட்டும், அவங்க நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டு அழுதா. இருபது வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே!

முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு நேரா காக்கா வீட்டுக்குப் போனேன். நஃபீசா பார்த்துட்டு உள்ளே போயிட்டா. காக்கா, நீங்களும் அந்த லாரியிலதானே வந்தீங்க, திரும்பி வரும்போது தூங்கினீங்களா, அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லுங்கன்னு கேட்டேன். அம்பட்டன் கத்திக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டே குறட்டை விடுற மனுஷன் அவர். நேத்து ஒரு பொட்டுக் கண் மூடலை தங்கச்சின்னார். ரவூப்புக்குக் கடையில ஏதாவது வேலை பார்க்கணும்னார். நிக்காஹ் பேச்சை நான் எடுக்கல. அவரே, பெருநாள் கழிச்சு மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்னு கேட்டார். நஃபீசா என்னோட பேச இன்னும் ஒரு வருஷம் ஆகும், ஆகட்டும்.

உன் மேல உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறலை. அந்தப் பன்னிரண்டு நாள்ல என்ன பார்த்தியோ, எத்தனை வளைவுல உசிரைக் கையில பிடிச்சியோ, அதை விவரமா எழுதினா உன் விரல் தேய்ஞ்சா போகும்? மாமா மனசு நோகும்னு ஒரு வரியோட நிறுத்திட்டே, இங்க நான் பெத்த பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மேலே எழுதினதைக் கிழிக்க மாட்டேன், படி, உனக்கு அது வேணும். நிக்காஹுக்கு அந்தக் கோவிந்தசாமியையும் கூட்டிட்டு வா, நம்ம வீட்டுல சாப்பிடுவானான்னு கேட்டு எழுது. மழைக்காலம், மூட்டை மேல படுக்கும்போது மார்பை மூடிப் படு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுப்பான். ஒண்ணு மட்டும் மறக்காதே. கோவிந்தசாமி ஓட்டும்போது நீ நல்லாத் தூங்கு, நான் இனிமே அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஆனா நீ ஓட்டும்போது பின்னால தூங்குறவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா முழிச்சிருப்பா.

இப்படிக்கு,
உன்னைத் திட்டினதை இன்னும் வாபஸ் வாங்காத உம்மா
சம்சுன்னிசா