கடலுக்கு எவ்வளவு இரும்பு

பிப்ரவரி 4, 1978

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கம்பளிக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அழகுத்தாய் அக்காவும் ஆறு மாசப் பாப்பாவும் அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறார்கள். அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் சங்கையா அத்தான் கூட்டிப்போக வந்திருக்கிறார். மெட்ராஸ் வரைக்கும் ரயிலில் போகலாம். அத்தானுக்கு மதுரையிலேயே விமானம் ஏறியாக வேண்டும்.

இன்று எங்கள் தேயிலை எஸ்டேட்டு லயத்து வீட்டு வாசலில் நின்று பாடம் நடத்தினார். "கையில ஒரு சின்னப் பைதேன். கத்தி, கத்தரிக்கோலு, தீப்பெட்டி, மண்ணெண்ணெ, ஒண்ணும் கூடாது. பிளேனைக் கடத்திட்டுப் போறாய்ங்கள்ல, அதான் ஆளைத் தடவித் தடவிப் பாக்குறாக."

"அம்மாம் பெரிய சாமானைக் கடத்திட்டுப் போயி எங்கிட்டு வெப்பான்?" என்றார் அப்பா.

"கத்தியோட பிடிச்சா என்ன செய்வாக அத்தான்?" என்று கேட்டேன்.

"நேரா ஜெயில்தேன் கொழுந்தியா. வழியனுப்ப வந்தவுகளுக்கும் சேத்து."

வழியனுப்பப் போவது அப்பாவும் நானும். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் வரவில்லை.

பிப்ரவரி 6

வந்தது வினை. பாப்பா பிறந்த அன்றிலிருந்து தொட்டிலுக்கடியில் அப்பாவின் கவாத்துக் கத்தி இருக்கிறது. தேயிலைச் செடி வெட்டுகிற அதே கத்தி. பச்சைப் பிள்ளை பக்கத்தில் இரும்பு இல்லாவிட்டால் காத்து கருப்பு அண்டிவிடும். இந்த லயத்தில் இரும்பில்லாமல் வளர்ந்த பிள்ளை ஒன்று கிடையாது. அந்தக் கத்தியும் சிங்கப்பூர் போக வேண்டும் என்கிறாள் அம்மா.

"அத்தை, கத்தி கூடாதுன்னு சொல்றேன்ல?" என்றார் அத்தான்.

"யாரையும் வெட்டவா கேக்கேன்? அது பாட்டுக்குப் பேசாமக் கெடக்கும்."

"பெரிய பெட்டியில போட்டுருவோம். அது பிளேனு வயித்துக்குள்ள வரும்."

"பேயி பெட்டியவா பிடிக்கும் மாப்பிள்ளை? பிள்ளையைத்தான பிடிக்கும்."

அத்தான் இறங்கி வந்தார். "சரி, ஒரு குண்டூசி."

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஓடையைத் தாண்டக் குண்டூசி போதும். ஆத்தைத் தாண்ட ஆணி போதும். இது கடலுல்ல!"

"உங்காத்தாளுக்குக் கிறுக்கு" என்று அப்பா என்னிடம் சொன்னார். அக்கா கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "இரும்பே கிடையாது, சர்க்கார் உத்தரவு" என்று அத்தான் முடித்துவிட்டார். அம்மா பேசாமல் எழுந்து போனாள்.

அம்மா கத்தினால் பயமில்லை. பேசாமல் போனால்தான்.

பிப்ரவரி 7

நினைத்தது சரி. சாயங்காலம் அம்மா பின்பக்கம் கூப்பிட்டுக் கையில் எதையோ அழுத்தினாள். பழைய கவாத்துக் கத்தியின் ஒடிந்த நுனி. கட்டைவிரல் நீளம்.

"பாப்பா மெத்தைக்குள்ள வச்சுத் தையி. ஓந் தையல்தேன் வெளிய தெரியாது."

தையலில் பரிசு வாங்கியது இதற்குத்தானா? மாட்டேன் என்றேன்.

"அப்பப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதேன்."

தைத்தேன். விரலில் நாலு இடத்தில் ஊசி ஏறியது.

பிப்ரவரி 8

ஜெயிலில் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுத விடுவார்களா?

பிப்ரவரி 10, மதுரை

லாட்ஜ். எல்லாரும் குறட்டை. ஜீப் குலுங்கும்போதெல்லாம் மெத்தையிலிருந்து கத்தி வெளியே வந்துவிடும் என்று பாப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தேன். "கொழுந்தியாளுக்குப் பிள்ளை மேல என்னா பாசம்!" என்றார் அத்தான்.

இப்போது பிரித்து எடுத்துவிட்டேன். நுனி என் பாவாடை மடிப்புக்குள் இருக்கிறது. ஜெயில் பயம் போனது. வேறு பயம் வந்துவிட்டது. பாப்பா இரும்பில்லாமல் கிடக்கிறது. தூக்கத்தில் சிரிக்கிறது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

பிப்ரவரி 12

வீடு. நேற்று நடந்ததை எழுதினால்தான் தூக்கம் வரும்.

விமான நிலையத்தில் என்னையும் அப்பாவையும் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் மேஜை. அம்மா வயசுப் பெண் போலீஸ் ஒருவர் பாப்பாவின் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பாவாடை மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெத்தையை நகர்த்தி வைத்தார். மூச்சு வந்தது. அடுத்து பவுடர் டப்பாவை எடுத்து ஆட்டினார். 'டக்' என்றது. மூடியைத் திறந்து கவிழ்த்தார். பவுடருக்குள்ளிருந்து ஒரு போல்ட் விழுந்தது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபேக்டரியில சும்மாதேன் கெடந்துச்சு" என்று முனகினார்.

அக்காவைத் திரை மறைவுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கொண்டை அவிழ்ந்திருந்தது. பெண் போலீஸ் கையில் ஓர் ஆணி.

அத்தானுக்கு வந்ததே கோபம். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! சார், மன்னிச்சுக்கங்க சார். எஸ்டேட்டு ஆளுக, விவரம் பத்தாது..." அந்த நேரத்தில் அவர் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கை நின்றது. அரைஞாண் கயிற்றிலிருந்து எதையோ அவிழ்த்தார்.

"என்னய்யா இது?"

"லாடம்."

"அது தெரியுது. யாருக்கு? உனக்கா?"

"பாப்பாவுக்கு" என்றார் அத்தான். குரல் எறும்புக் குரல்.

போடியில் ஜீப்பை நிறுத்தி, மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரோடு அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று நினைத்தேன்!

மேஜையில் போல்ட், ஆணி, லாடம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். "ஊருக்குப் போறீகளா, கொல்லுப்பட்டறை போடப் போறீகளா?" பாப்பா லாடத்தைப் பிடிக்கக் கை நீட்டியது. இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயில் இல்லை. எல்லாவற்றையும் கயிற்றுக்கு மேலாக அப்பாவின் துண்டில் போட்டார்கள். பிடிபடாத ஒரே இரும்பு என் பாவாடையில்.

ஆனால் அக்கா நகரமாட்டேன் என்று நின்றாள். "ஒண்ணுமில்லாம எப்படிக் கொண்டு போவேன்?" ஒரே அழுகை.

பெண் போலீஸ் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினார். "ஏத்தா, அந்தா நிக்குதே பிளேனு, அம்புட்டும் இரும்புதான? அதுக்குள்ளதான பிள்ளை உக்காரப் போகுது. இதுக்கு மேல எந்த இரும்பு வேணும் ஒனக்கு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இரும்பு இல்ல, அலுமி..." என்று ஆரம்பித்த அத்தான், "ஆ!" என்றார். அவர் காலை மிதித்த அக்கா காலில் புதுச் செருப்பு.

பிப்ரவரி 14

மாட்டிக்கொண்டேன். பாவாடை துவைக்கும்போது அம்மா கையில் நுனி தட்டுப்பட்டுவிட்டது.

"இது இங்ஙன இருக்குன்னா, பிள்ளை கூட என்னடி போச்சு?"

திட்டவில்லை. சோப்பு நுரையோடு நுனியைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். அதைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த தகவலும் இன்னும் வரவில்லை.

"பிளேனே இரும்புதேம்மா" என்றேன். "சுவரு, றெக்கை, நாற்காலி எல்லாம். போலீஸே சொன்னாக."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"நானே தட்டிப் பாத்தேன்" என்றார் அப்பா. "ணங்குன்னுச்சு."

அவர் கயிற்றைக்கூடத் தாண்டவில்லை.

"அம்புட்டு இரும்பா!" அம்மா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? பாவி மக்கா."

பிப்ரவரி 18

தந்தி வந்தது. மூவரும் சுகம். கொழுந்து எடுக்கிற இடமெல்லாம் பிளேனின் இரும்பைப் பற்றித்தான் அம்மாவின் பேச்சாம்.

மார்ச் 21

அறிவியல் பரீட்சை. விமானத்தின் உடல் எந்த உலோகத்தால் ஆனது? அலுமினியம் என்று எழுதினேன்.

"என்ன கேட்டாக?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"இதென்ன கேள்வி? நம்ம வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாகளே, இரும்புன்னு!"

"ஆமாம்மா."

படுக்க வந்தால் தலையணைக்கடியில் என்னவோ குத்தியது. கத்தி நுனி. துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"ராத்திரியெல்லாம் கம்பளிக்குள்ள வெளிச்சத்தைப் போட்டுக்கிட்டு முழிச்சுக் கெடக்கியே" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. "இனிப் பயப்படாமத் தூங்கு."

குத்துகிறது. இருக்கட்டும். டார்ச்சை அணைக்கிறேன்.