எந்த மேசையில் உட்காருவேன், மதினி?

நீங்கள் போன பிறகும் தினம் இரண்டு தடவையாவது உங்களைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அப்படி வாய்க்குள்ளேயே நிற்கிற என் மதினிக்கு,

ஒன்றரை வருசமாக எழுத நினைத்தேன். அழுகையாக எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுவது கோபத்தில். கேட்க ஆள் இல்லாமல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? ஹரிணியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்கிறாள் அவள். பேத்தி சொன்னால் நான் என்றைக்கு மறுத்திருக்கிறேன்?

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தம்பிக்கும் எனக்கும் பிறந்து நீங்கள் தூக்கி வளர்த்த இரண்டு பயல்களும் பேசிக்கொள்வதில்லை. பெரியவன் முருகேசன் ஜெயமங்கலத்திலேயே இருக்கிறான். சின்னவன் பாண்டி தேனியில் வாடகை வீட்டில். நடுவில் அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் எட்டு மாதமாக இவன் வீட்டில் அவர்களும் அவன் வீட்டில் இவர்களும் கை நனைக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை.

எல்லாம் பாண்டி மகளுக்குக் காது குத்தின அன்றைக்கு வந்தது. மண்டபத்தில் கூட்டம். முருகேசன் மாமனார், கெங்குவார்பட்டிச் சம்பந்தி, சர்க்கரை வியாதிக்காரர், பந்தி நடக்கிற இடத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு பந்தி எழுந்தது, இன்னொன்று எழுந்தது. யாரும் கையைப் பிடித்து "வாங்க, உக்காருங்க" என்று சொல்லவில்லை. மனுசன் சாப்பிடாமலே ஊருக்குப் போய்விட்டார். பெரிய மருமகள் செல்விக்கு அது தெரிய வந்தபோது இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அவள் சண்டை போடவில்லை மதினி. சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சின்ன மருமகள் கவிதா கொடுத்த தாம்பூலப் பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பந்தி வாசலில் நிற்பது உங்கள் வேலை. நம் வீட்டு விசேசம் எதிலும் நீங்கள் முதலில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, யார் வந்தார்கள், யார் இன்னும் உட்காரவில்லை என்று கண்ணாலேயே எண்ணுவீர்கள். சம்பந்தி வீட்டார் உட்காராமல் முதல் பந்தியில் இலை விழுந்ததில்லை. அந்த வேலையை இனி யார் பார்ப்பது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மேடையில். புதுப் பட்டைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் இந்தத் தீம் பார்க் யோசனைக்கு நான் ஒத்துக்கொண்டேன். வத்தலக்குண்டு தாண்டி மதுரைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பரீட்சை லீவில் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் உண்ணாவிரதம் இருக்காத குறை. எனக்குத் தண்ணீரில் சறுக்குவதும் ராட்டினத்தில் கத்துவதும் எதற்கு? நான் கணக்குப் போட்டது மத்தியானச் சோற்றை. அவன் வீடும் இல்லை, இவன் வீடும் இல்லை. பொதுவான இடம். ஒரே மேசையில் எட்டுப் பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் முறிந்தது ஒட்டும் என்று நினைத்தேன்.

"சாப்புடுற எடத்த நான்தான் பாப்பேன். யாரும் தலையிடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

ஹரிணி போனில் காட்டினாள். பார்க்குக்குள்ளேயே மூன்று இடம். ஒன்றில் டோக்கன் வாங்கி நின்றுகொண்டே தின்ன வேண்டும். ஒன்றில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போக வேண்டும். மூன்றாவது, குடும்பத்தோடு ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுகிற ஏசி ரெஸ்டாரண்ட். அந்தப் படத்தில் நீளமாக ஒரு மேசை, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் நாற்காலி.

"நாலு ஸ்டார் போட்டிருக்கு அப்பத்தா" என்றாள்.

"ஸ்டார வெச்சுக்க. அந்த மேசை நெசமா இருக்கா?"

"போட்டோவுல இருக்குல்ல?"

மற்றவர்களையும் கேட்டேன். கேட்காமல் முடிவு செய்தாள் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்கள். முருகேசன், "எதுன்னாலும் சரிம்மா" என்றான். பாண்டி, "எதுன்னாலும் சரி" என்றான். செல்வி, "அவுக சொன்னதுதான் அத்தே." கவிதா, "எனக்கென்னத்தே, எங்கனன்னாலும் சரிதான்." நாலு பேரும் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? தப்பாகப் போனால் என் தலையில் விழும் என்று அர்த்தம்.

எதற்கும் இருக்கட்டும் என்று விடியலில் எழுந்து ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கிண்டினேன். வெந்தயம், பெருங்காயம், வறுத்த கடலை எல்லாம் உங்கள் கை அளவுக்கே போட்டேன். வழிச்சோற்றை வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லி வைத்திருக்கிறீர்களே, பார்க்கவில்லை.

வேனில் முன்சீட்டு முருகேசன் வீடு, பின்சீட்டு பாண்டி வீடு, நடுவில் நான். கெங்குவார்பட்டி வந்ததும் செல்வி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா வீட்டுத் தெரு மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். கவிதா மகளுக்குத் தொப்பியைச் சரி செய்தாள். சரியாக இருந்த தொப்பியை.

பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். "இது சோறுப்பா, வெடிகுண்டு இல்ல" என்றேன். வாசலில் இருந்த பையன் சிரித்தான், ஆனால் விடவில்லை. தூக்குச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தான். செருப்புக்குக் கொடுக்கிற மாதிரி.

சரி, ரெஸ்டாரண்டுக்கு வருகிறேன். மத்தியானம் நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். நாம் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போகும்போது எந்த ஓட்டலிலும் நீங்கள் முதலில் பார்ப்பது கை கழுவுகிற இடத்தைத்தானே? "ஈரமாக் கெடந்தா நாலு பேரு சாப்புட்டுப் போயிருக்காக, சோறு சூடா இருக்கும். காஞ்சு கெடந்தா நேத்துச் சோறு, வண்டிய எடு" என்பீர்கள். வேன் நிறைய ஆளை உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு அப்போது கூச்சமாக இருக்கும். இப்போது நானே போய்க் குனிந்து பார்க்கிறேன்.

நன்றாக ஈரமாக இருந்தது மதினி. குளம் கட்டி நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோசம். "இதுதான், வாங்க எல்லாரும்" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டேன்.

அது சாப்பிட்டவர்கள் கை கழுவின ஈரம் இல்லை. தண்ணீர் விளையாட்டில் நனைந்த பிள்ளைகள் சொட்டச் சொட்ட வந்து தலையைப் பிழிந்துவிட்டுப் போன ஈரம். உள்ளே சோறு சில்லென்று இருந்தது. உங்கள் சோதனையில் பாஸான ஓட்டலில் இப்படி ஒரு சோற்றை நான் தின்றதே இல்லை.

சோறு கிடக்கட்டும். அந்த நீள மேசை இருந்தது, படத்தில் பார்த்த மாதிரியே. அதில் ஏதோ ஆபீஸ்காரர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரிமாறுகிறவர் வந்தார். "எட்டுப் பேராம்மா? ரெண்டு கேபின் தர்றேன். நாலு, நாலு. கரெக்டா இருக்கும்."

"ஒரே மேசை இல்லையாப்பா?"

"அது பார்ட்டிக்குக் குடுத்தாச்சும்மா. கேபின்னா ஃபேமிலிக்குத் தனியா, ஃப்ரீயா இருக்கும்."

தனியாகத்தான் இருக்கிறார்கள் எட்டு மாதமாக. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

முருகேசன், செல்வி, அவர்கள் பெண்கள் இரண்டு பேர் என்று ஒரு கேபின் நிறைந்தது. பாண்டி, கவிதா, குட்டி என்று மற்றதில் மூன்று பேர். அங்கே ஒரு நாற்காலி காலி. எட்டாவது ஆள் நான். பரிமாறுகிறவர் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்கிறார்.

நான் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அப்பா பட்டினியாகப் போன கோபத்தில் இருக்கிறாள் ஒருத்தி. அவள் கண் முன்னால் நான் சின்ன மருமகள் பக்கம் போய் உட்கார்ந்ததாக ஆகும். இந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போட இடமில்லை. கேபினுக்கு நடுவே மரத் தடுப்பு வேறு.

"எங்கனயாச்சும் உக்காரும்மா. சோறுதான" என்றான் முருகேசன்.

அவனுக்கு அது சோறு. நான் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்றேன். செல்வி எட்டிப் பார்த்து, "அத்தே, மாத்திர போட்டுட்டு நிக்காதீக" என்றாள். கவிதா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "வந்து உக்காருங்கத்தே, மயக்கம் வந்துரும்" என்றாள். ஒருத்தி சொன்னதை மற்றவள் கேட்காத மாதிரி இருவரும் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாற்காலியை நானே இழுத்துக் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கேபினிலிருந்து ஒரு தட்டுச் சாப்பாடு வந்தது. அந்தக் கேபினிலிருந்து ஒரு தட்டு வந்தது. எதில் முதலில் கை வைப்பது? இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுத் தனியாகத் தயிர்ச் சோறு வாங்கித் தின்றேன். என் முதுகில் யாரோ பிள்ளை தலையை உதறிக்கொண்டிருந்தது.

நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேக் வெட்டினவர்களை எழுப்பிவிட்டிருப்பீர்களா? அதைத்தான் தின்று முடிக்கிற வரைக்கும் யோசித்தேன்.

சாயங்காலம் வாசலில் சீட்டைக் கொடுத்துத் தூக்குச்சட்டியை வாங்கினேன். வேனில் ஒருத்தரோடு நானும் பேசவில்லை. கெங்குவார்பட்டி தாண்டி, கொடைக்கானல் ரோடு பிரிகிற காட்ரோடு பக்கம் வந்தபோது பாண்டி மகள் பசிக்கிறது என்று அழுதாள். அந்த ஓட்டலில் குழந்தை ஒன்றும் தின்னவில்லையாம். பார்க்கப்போனால் யாருமே தின்னவில்லை. மாந்தோப்பு ஓரத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன்.

தட்டு இல்லை, இலை இல்லை. ஒரு சட்டிதான். நான் நடுவில் நின்றேன். நீங்கள் செய்கிற மாதிரி உருட்டி உருட்டி நீட்டின கையிலெல்லாம் வைத்தேன். யார் கை என்று முகம் பார்க்கவில்லை. வட்டமாக நின்று தின்றார்கள்.

செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். யாரையும் பார்க்காமல், "உப்புப் பத்தலையே" என்றாள்.

அடுத்த உருண்டைக்குக் கை நீண்டது. அப்புறம் கவிதா, "பத்தலையா? சுத்தமா இல்லக்கா" என்றாள்.

"எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சோன்னு பாத்தேன்."

"பெரியத்தை இருந்தா இப்படி விட்டிருப்பாகளா?"

"அவுக போட்டா அளந்து வெச்ச மாதிரி இருக்கும்."

எனக்கு உச்சியில் ஏறியது. "ஆமா, ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என் சமையலக் குத்தம் சொல்லுங்க" என்றேன்.

செல்வி என்ன சொன்னாள் தெரியுமா? "சேந்தெல்லாம் சொல்லலத்தே. அவ தனியாச் சொல்றா, நான் தனியாச் சொல்றேன்."

பாண்டிதான் முதலில் சிரித்தான். முருகேசன் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பினான். கவிதா பையிலிருந்து உப்புப் போட்ட நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டை உடைத்து, "இதத் தொட்டுக்கங்கக்கா" என்று நீட்டினாள். செல்வி பாக்கெட்டைப் பார்த்தாள். தாம்பூலப் பையைப் பார்த்த மாதிரிதான் பார்த்தாள். நான் உருட்டின கையோடு அவளையே பார்த்தேன். அப்புறம் கையை விட்டு எடுத்தாள்.

அவர்கள் பேசினார்கள் என்று சந்தோசப்படுவதா, என் சோற்றைக் கேவலப்படுத்தினார்கள் என்று கோபப்படுவதா? நான் இரண்டையும் செய்தேன். ஒரு உருண்டையை நானும் வாயில் போட்டேன். உண்மைதான். உப்பே இல்லை.

வீடு வந்து சட்டியைக் கழுவும்போதுதான் தோன்றியது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புளிக்காய்ச்சலைக் கிண்டுவது நான். கடைசியில் வந்து உப்புப் போட்டுவிட்டுப் போவது நீங்கள். அதற்கு எத்தனை நாள் உங்கள் மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று விடியலிலும் எல்லாவற்றையும் போட்டேன், அதை மட்டும் உங்களுக்கு விட்டுவிட்டேன். பந்தி வாசலையும் அப்படித்தானே விட்டுவிட்டு மேடையில் உட்கார்ந்தேன்?

ரோட்டோரத்தில் தின்றது கை நனைத்த கணக்கில் சேருமா மதினி? செல்வி இன்னும் தேனி வீட்டுப் படி ஏறவில்லை. முருகேசன் தம்பியிடம் போனில் வேன்காரரைப் பற்றி மட்டும் பேசினான். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பெரிதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

மாசியில் குலசாமிக்குக் கிடா வெட்டு. இந்த வருசம் பாண்டி முறை, பந்தி அவன் வீட்டில். நான் பஸ் ஏறிக் கெங்குவார்பட்டிக்குப் போய், சம்பந்தியை என் வாயால் கூப்பிட்டு, அன்றைக்கு அவரை நிற்க வைத்ததற்கு மன்னிப்பும் கேட்பேன். முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கிற வரைக்கும் வாசலை விட்டு அசைய மாட்டேன். போட்டோவுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன். உப்பையும் நானே போடுவேன். கூடினாலும் குறைந்தாலும் இனிமேல் அது என் கை.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் உங்களுக்கு விட்டுவிட்டே பழகிய
உங்கள் தம்பி பெண்டாட்டி,
ஜெயமங்கலம்.