லெட்சுமி வளைத்த கம்பிகள்

ஜெலாப்பாங் வட்டாரத்துக் கணினிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்துவிட்டு, தன் உயிரை மட்டும் ரிப்பேர் பார்க்க மறந்துபோன என் அருமை மாப்பிள்ளை சந்திரனுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாளே எமதர்மனின் கணினியைத் திறந்து, இதெல்லாம் ஒரு வயரிங்கா என்று அவனை அதட்டியிருப்பாய். இங்கே என் தங்கச்சி உன் சட்டைகளை இன்னும் இஸ்திரி போட்டு மாட்டி வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

பயிற்சி நிலையத்தில் நீ எடுத்த கணினி வகுப்பு, அடுத்த அறையில் மின்சாரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. முதல் வேலையாக உனக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்தேன். சிமுலேஷனைக் கொண்டுவந்துவிட்டேன். திரைக்குள்ளேயே கணினியைக் கழற்றி மாட்டுகிற வித்தை. "படத்துல சோறு திங்கிற கதை" என்று ஏசுவாயே, அதேதான். அதற்காக நாம் போட்ட சண்டையில் கிந்தா ஆறே மூன்று முறை திசை மாறி ஓடியது. ஆனால் பதினெட்டுப் பேருக்கு ஆறு மெஷின் என்றால் நான் என்ன செய்ய?

லெட்சுமியை நினைவிருக்கிறதா? தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போய், நாற்பத்தாறு வயதில் உன்னிடம் படிக்க வந்தவள். புது மதர்போர்டில் சிப்பைக் கோணலாக இறக்கி, அடியிலிருந்த மயிரிழைக் கம்பிகளை வளைத்துவிட்டாள். நீ போட்ட சத்தத்தில் லகாட் ஊர் வரைக்கும் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. உன் கைக்கு இது ஒத்துவராது, வீட்டுக்குப் போ என்றாய். அவள் போயே விட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் மாப்பிள்ளை?

பதில் உன் மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது. போன மாதம் சுத்தம் செய்தபோது, பழைய பாத்தேக் துணியில் சுற்றி வைத்த அதே மதர்போர்டு. கூடவே உன் பூதக்கண்ணாடியும் தங்கச்சியின் தையல் ஊசியும். வளைந்த கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தியிருக்கிறாய். ஒட்டியிருந்த துண்டுத் தாளில் உன் கோழிக்கிறுக்கல்: "சரியாயிருச்சு. லெட்சுமியைக் கூப்பிட்டுச் சொல்லணும்."

கூப்பிடாமலே போய்விட்டாயே.

நான் கூப்பிட்டேன். இனி எந்த மெஷினையும் தொடமாட்டேன், வரமாட்டேன் என்றாள். தொடவே வேண்டாம், திரையில் மட்டும் செய் என்றேன். வந்தாள். திரைக்குள் எத்தனை கோணலாக வைத்தாலும் எதுவும் உடையாது, யாரும் ஏசமாட்டார்கள். ஒரு லட்சம் தடவை செய்து பார்த்தாள். சரி, நாற்பது தடவை. கடைசியில் நான் கோணலாக வைத்ததை அவள் திருத்தினாள்.

நேற்று உன் போர்டை அவள்முன் வைத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை. உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க முதலில் ஜன்னல் கம்பியைத் தொடச் சொல்வாயே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் வகுப்பே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. லெட்சுமியும் ஒற்றிக்கொண்டாள். சிப் பதமாக உட்கார்ந்தது. சிப்பின் மேல்மூடியைப் பூட்டும் கம்பியை அழுத்தினாள். நறநறவென்று சத்தம். சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

அந்தச் சத்தம் திரைக்குள் இல்லை, மாப்பிள்ளை. அந்த இடத்தில் நீ ஜெயித்தாய்.

"ஒடைச்சிட்டேன் அண்ணே. சார் சொன்னது சரிதான் லா, என் கைக்கு இது ஒத்துவராது."

"அது அப்படித்தான் நெரியும் மா, அமுக்கு. இது நீ முன்ன வளைச்ச போர்டுதான். உங்க சாரே உக்காந்து நிமித்தி வச்சிருக்காரு."

துண்டுத் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கம்பியை முழுதாக அழுத்திப் பூட்டினாள். மற்றதையும் மாட்டி சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஆறு மெஷின் தூசியும் மொத்தமாக.

"இத்தனை நாளா சாருக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள். பேரா மாநிலத்திலேயே பெரிய வாயாடியான நான், ஏற்கனவே சுத்தமாயிருந்த திரையைத் துணியால் துடைத்தேன்.

இனி நம் வகுப்பில் முதலில் திரை, பிறகு நிஜ மெஷின். அடுத்த மாதத் தேர்வுக்கு லெட்சுமி உன் போர்டிலேயே பழகுகிறாள். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: எவர் எதை வளைத்தாலும் வீட்டுக்குப் போ என்று சொல்லமாட்டேன். வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் கூப்பிட்டுவிடுவேன்.

உன் மனைவிக்கு அண்ணன், உனக்கு என்றும் எதிர்க்கட்சி,
மச்சான் முனியாண்டி